எழுத்தான சுற்று: வன்பொருள் விவரண மொழிகளும் கட்டளைவரிக் கருவிகளும் - ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த இயந்திரம் தோன்றிற்று, அதன் வேகம் யாது, விலை யாது என்பனவே அவர்தம் கவனத்தைப் பெறுகின்றன. அவ்வியந்திரங்கள் எவ்வாறு திட்டமிடப்பட்டன, செய்து முடிக்கப்படுவதற்கு முன் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்னும் வினாக்கள் பொறியியலாளர்க்கு மட்டும் உரியனவெனக் கருதி ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் நிகழ்ந்த முக்கிய மாற்றங்களுள் ஒன்று இவ்வினாக்களோடு தொடர்புடையதாகும். அதுகாறும் பெரும்பாலும் படமாக வரையப்பட்டுவந்த இலத்திரனியற் சுற்று, அக்காலப்பகுதியில் எழுத்தாக எழுதப்படலாயிற்று.

சுற்றை எழுதுவதற்கென உருவான மொழிகள் வன்பொருள் விவரண மொழிகள் எனப்படும். மொழி ஒன்று இருப்பின் அதனைப் படித்துப் பொருள்கொள்ளும் கருவிகளும் வேண்டும். எழுதப்பட்டதைப் படித்து, அதன் பிழைகளைக் கண்டு, கணனி இயக்கக்கூடிய வடிவிற்கு மாற்றுவது தொகுப்பான். மாற்றப்பட்ட வடிவை இயக்கி, உண்மைச் சுற்று எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறு நடந்து காட்டுவது போலச்செய்கருவி. கொம்பைலர், சிமியூலேற்றர் என்னும் பெயர்களால் இவை பரவலாக அறியப்பட்டவை. சில்லு ஒன்று சிலிக்கனிற் பதிக்கப்படுவதற்கு முன் அது சரியானதா என அறிவதற்கு இவையே முதன்மையான வழி. எனவே இக்கருவிகள் யாருடைய கையில் இருக்கின்றனவோ அவர்களாலேயே சுற்றுகளை நம்பிக்கையோடு ஆக்கமுடியும். மொழி பொதுவுடைமையாவது வேறு, அம்மொழியை இயக்கும் கருவி பொதுவுடைமையாவது வேறு என்பதை இத்துறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

படத்திலிருந்து எழுத்துக்கு

1971இல் இன்ரெல் கம்பனி வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அதன் உருவரை கையினால் வரையப்பட்டது. பின்னர் ரூபிலித் எனப்பட்ட சிவப்புநிற மென்படலத்திற் கத்தியினால் வெட்டி எடுக்கப்பட்டது. அவ்வாறு வெட்டிய பெரிய உருவரை ஒளிப்பட முறையாற் சிறிதாக்கப்பட்டுச் சில்லின்மீது பதிக்கப்படுவதற்கு மூலமாயிற்று. வரைந்தவரின் கண்ணும் கையுமே அன்று சரிபார்ப்பதிற் பெரும்பங்கு வகித்தன. 1978இல் வெளிவந்த 8086இல் திரான்சிற்றர்களின் தொகை ஏறத்தாழ 29,000 ஆயிற்று. 1993இல் வெளிவந்த பென்ரியத்தில் அது ஏறத்தாழ 31 இலட்சமாயிற்று. இத்துணைப் பெருந்தொகையைப் படமாக வரைந்து கண்ணாற் சரிபார்த்தல் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. படத்தைக் கைவிட்டு எழுத்தை நாடவேண்டிய தேவை இவ்வாறே தோன்றிற்று.

சுற்றை எழுத்தால் விவரிக்கலாம் என்ற எண்ணம் இதற்கு முன்னரே அறிஞரிடையே நிலவிற்று. 1965இல் யாஓஹான் சூ என்பார் அல்கோல் மொழியை ஒத்த கணனி வடிவமைப்பு மொழி ஒன்றை முன்வைத்தார். கோர்டன் பெல், அலன் நியுவெல் ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்ட கணனிக் கட்டமைப்புகள் பற்றிய நூலில், செயலி ஒன்றின் கட்டளைகளை விவரிப்பதற்கான குறியீட்டுமுறை ஒன்றைக் கையாண்டனர். இவை போன்ற முயற்சிகள் கல்வியுலகில் மதிக்கப்பட்டனவாயினும் தொழிற்சாலையின் அன்றாட வழக்கினுட் பரவலாக நுழையவில்லை.

இதே காலத்தில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் வேறொரு முயற்சி வெற்றிபெற்றது. டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லோறன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் என்னும் நிரல் 1973இல் அறிமுகமாயிற்று. சுற்றின் ஒவ்வோரிடத்திலும் உள்ள அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சமன்பாடுகள் மூலம் கணித்துக் காட்டுவது அது. பல்கலைக்கழகம் அதனைத் தன்னகத்தே பூட்டிவைக்காது கேட்டவர்க்கெல்லாம் வழங்கியமையால், உலகெங்கும் பொறியியல் மாணவர் அதனைக் கற்றனர். ஆயினும் திரான்சிற்றர் ஒவ்வொன்றையும் தனித்தனி கணிக்கும் அம்முறை, இலட்சக்கணக்கான திரான்சிற்றர்களைக் கொண்ட சுற்றுக்கு மிக மெதுவானது. அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் விடுத்து, உண்மை பொய் என்னும் இரு நிலைகளிற் செயற்படும் தர்க்கப் படலைகளையும், அவற்றிற்கும் மேலாகப் பதிவகங்களையும் பேசக்கூடிய மொழியும் கருவியும் வேண்டப்பட்டன. எனினும் கருவியைப் பொதுவில் வைத்தால் அறிவு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு ஸ்பைஸ் ஒரு முன்னுதாரணமாக நின்றது.

இரு மொழிகளின் பிறப்பு

இன்று நிலைபெற்றுள்ள வன்பொருள் விவரண மொழிகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று வீ.எச்.டி.எல்., மற்றையது வெரிலொக். இரண்டும் ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில் உருவானவை. ஆயினும் அவற்றின் பிறப்பு முற்றிலும் வேறுபட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் 1980இல் அதிவேகத் தொகையிடுசுற்றுகளுக்கான பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. படைக்கலங்கள் பல்லாண்டுகள் பயன்பாட்டில் இருப்பவை. அவற்றினுள் அமைந்த சில்லுகளோ சில ஆண்டுகளில் வழக்கொழிந்துவிடுபவை. வழக்கொழிந்த சில்லுக்குப் பதிலாகப் புதியதொன்றைச் செய்யவேண்டின், பழைய சில்லு என்ன செய்தது என்பது ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கம்பனிகள் தத்தமக்கெனக் கையாண்ட குறியீட்டுமுறைகள் இதற்குப் போதா எனத் திணைக்களம் கண்டது. 1981இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் இது குறித்துக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. 1983இல் மொழியை உருவாக்கும் பணி இன்ரமெற்றிக்ஸ், ஐ.பி.எம்., ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே திணைக்களத்தின் முயற்சியால் உருவான ஏடா என்னும் நிரலாக்க மொழியின் சாயல் புதிய மொழியிற் பெரிதும் படிந்தது. 1985இல் அதன் 7.2ஆம் வடிவம் வெளிவந்தது. 1987இல் மின்னியல், இலத்திரனியற் பொறியியலாளர் நிறுவகம் அதனை 1076 என்னும் இலக்கமுடைய நியமமாக ஏற்றுக்கொண்டது.

வெரிலொக்கின் கதை வேறு. அது சந்தையை நோக்கிய சிறு கம்பனி ஒன்றின் பட்டறையிற் பிறந்தது. சுற்றுகளின் பிழைகளைக் கண்டறிவதற்கான சோதனைகளைத் தாமாக உருவாக்கும் பொடெம் என்னும் முறையால் அறியப்பட்டிருந்த பிரபு கோயல், பின்னாளிற் கேற்வே டிசைன் ஓட்டோமேஷன் எனப் பெயர்பெற்ற கம்பனியைத் தோற்றுவித்தார். இங்கிலாந்தின் புறூணல் பல்கலைக்கழகத்தில் ஹைலோ என்னும் போலச்செய்கருவியின் ஆக்கத்திற் பங்குகொண்டிருந்த பில் மூர்பி அவருடன் இணைந்தார். 1983-84ஆம் ஆண்டுகளை ஒட்டி மூர்பி வெரிலொக் மொழியையும் அதனை இயக்கும் கருவியையும் ஆக்கினார். சரிபார்த்தல், தர்க்கம் என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். சி மொழியை ஒத்த சுருக்கமான நடை அதற்கு வாய்த்தது. பின்னர் வந்த வெரிலொக்-எக்ஸ்.எல். என்னும் கருவி, படலை மட்டத்திலான சுற்றுகளை விரைந்து இயக்கியமையாற் பொறியியலாளரின் நன்மதிப்பைப் பெற்றது.

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ் மரபு கண்ட முறைமை. அம்முறைமைக்கு இயைந்தது வெரிலொக். முதலில் ஒரு கருவி இருந்தது. அக்கருவி எதனை ஏற்றுக்கொண்டதோ அதுவே மொழியாயிற்று. வழக்கு வளர்ந்தபின் நியமம் எழுதப்பட்டது. வீ.எச்.டி.எல்.லோ இலக்கணம் முதலில் வகுக்கப்பட்டு, வழக்கு அதனைப் பின்தொடர்ந்த மொழி. அதன் நடை விரிவானதாகவும், வகைப்பாடுகளிற் கண்டிப்பானதாகவும், எழுதுபவர் தம் எண்ணத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுமாறு வற்புறுத்துவதாகவும் அமைந்தமைக்கு இப்பிறப்பு வரலாறே காரணமெனலாம்.

1989-90 காலப்பகுதியிற் கேற்வே கம்பனி கேடென்ஸ் என்னும் பெருங்கம்பனியின் உடைமையாயிற்று. அதனோடு வெரிலொக் மொழியும் அதன் உடைமையாயிற்று. ஆயின் அவ்வேளையில் வீ.எச்.டி.எல். எவர்க்கும் உடைமையல்லாத பொது நியமமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு கம்பனியின் உடைமையாக மட்டும் இருக்கும் மொழி, பொதுமொழியோடு நெடுங்காலம் போட்டியிட முடியாது. இதனை உணர்ந்த கேடென்ஸ் 1990இல் மொழியின் விவரணத்தைப் பொதுவிற்கு விட்டது. அதனைப் பேணுவதற்கென ஓபன் வெரிலொக் இன்ரநாஷனல் என்னும் அமைப்பு உருவாயிற்று. 1995இல் வெரிலொக்கும் 1364 என்னும் இலக்கமுடைய நியமமாயிற்று. அரசின் ஆணையாற் பிறந்த மொழியும் வணிகத்திற் பிறந்த மொழியும் இவ்வாறு ஒரே இடத்தை வந்தடைந்தன.

மொழியின் இயல்பு

இம்மொழிகளுக்கு ஏன் தனிப்பட்ட கருவி வேண்டும் என்பதை அறிய, அவற்றின் இயல்பைச் சிறிது நோக்குதல் அவசியம். சாதாரண நிரலாக்க மொழியில் எழுதப்பட்டவை மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றப்படுகின்றன. சுற்றிலோ யாவும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆயிரம் படலைகள் இருப்பின் அவை தம் முறை வரும்வரை காத்திருப்பதில்லை. எழுத்து வரிசையானது, அது விவரிக்கும் பொருள் வரிசையற்றது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே போலச்செய்கருவியின் முதற்கடன்.

இதற்கென அது நிகழ்வு வரிசை ஒன்றைப் பேணுகின்றது. ஒரு சைகை மாறியதும் அம்மாற்றத்தாற் பாதிக்கப்படும் பகுதிகள் வரிசையிற் சேர்க்கப்படுகின்றன. அவை நிறைவேறியதும் புதிய மாற்றங்கள் தோன்றி மேலும் சில பகுதிகள் சேர்க்கப்படுகின்றன. குறித்த கணத்திற் செய்யவேண்டியன யாவும் முடிந்தபின்னரே கருவியின் கடிகாரம் அடுத்த கணத்திற்கு நகர்கின்றது. இங்கு காலம் என்பது கருவி பேணும் ஓர் எண்ணே. சுற்றின் ஒரு கணத்தைக் காட்டுவதற்குக் கருவிக்குப் பன்மடங்கு நேரம் செல்லலாம்.

எடுத்துக்காட்டாக, இரு பதிவகங்களின் பெறுமானங்களை ஒன்றுக்கொன்று மாற்றவேண்டுமெனக் கொள்வோம். உண்மைச் சுற்றில் இது எளிது. கடிகாரத் துடிப்பு வந்ததும் ஒவ்வொன்றும் மற்றதன் பழைய பெறுமானத்தை ஏற்றுக்கொள்ளும். ஆயின் சாதாரண நிரலைப் போல எழுதினால், முதலாவது வரி நிறைவேறியதும் பழைய பெறுமானங்களுள் ஒன்று அழிந்துவிடும். இரண்டும் ஒரே பெறுமானத்தைப் பெற்றுவிடும். இதனைத் தவிர்ப்பதற்கு வெரிலொக்கில் இருவகை ஒப்படைப்புகள் உள்ளன. ஒன்று உடனே நிறைவேறுவது. மற்றையது, வலப்பக்கத்தை உடனே கணித்துவைத்து, அக்கணத்தின் ஏனைய உடன்செயல்கள் முடிந்தபின்னரே இடப்பக்கத்தை மாற்றுவது. கடிகாரத் துடிப்பில் மாறும் பதிவகங்களுக்கு முன்னதைப் பயன்படுத்தி இரு தனித்தனிப் பகுதிகளில் எழுதினால் எப்பகுதி முதலில் நிறைவேறும் என்பதை நியமம் கட்டுப்படுத்தவில்லை. ஒரு கருவி ஒரு விடையையும் பிறிதொரு கருவி வேறொரு விடையையும் தரலாம். இரண்டும் நியமத்துக்கு அமைந்தவையே. பிழை எழுதியவருடையது. ஒரே சுற்றை ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் இயக்கிப் பார்க்கும் வழக்கம் இத்துறையில் மதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றுமோர் இயல்பு இன்னும் சிந்திக்கத்தக்கது. வெரிலொக்கில் ஒரு கம்பியின் நிலை நான்கு வகைப்படும். பூச்சியம், ஒன்று என்பன இரண்டு. எதனாலும் இயக்கப்படாது விடப்பட்ட நிலை மூன்றாவது. நான்காவது எக்ஸ் என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் அறியாநிலை. தொடக்கப் பெறுமானம் கொடுக்கப்படாத பதிவகங்கள் யாவும் இந்நிலையிலேயே தொடங்குகின்றன. மாணவர் ஒருவர் நான்கு பிற் எண்ணி ஒன்றை எழுதி, அதனைப் பூச்சியத்துக்கு மீட்கும் ஏற்பாட்டை மறந்துவிட்டார் எனக் கொள்வோம். அறியாத ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் வருவதும் அறியாததே. துடிப்புகள் எத்தனை வந்தாலும் திரையில் நான்கு எக்ஸ் எழுத்துகளே தோன்றிக்கொண்டிருக்கும். உண்மைச் சில்லு மின்னூட்டப்பட்டதும் ஏதோவொரு பெறுமானத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். அதனால் அப்பிழை வெளிப்படாது மறைந்திருக்கவும் கூடும். தான் அறியாததை அறியேன் எனச் சொல்லும் நேர்மை கருவியிடம் உண்டு. மாணவர்க்கு இது கற்பிக்கும் பாடம் சிறிதன்று.

சிலைமேல் எழுத்து

மென்பொருளில் ஏற்படும் பிழையைப் பின்னர் திருத்தி வழங்கலாம். சிலிக்கனிற் பதிந்த பிழையோ சிலைமேல் எழுத்து. இதனை உலகறியச் செய்தது 1994இற் பென்ரியம் நுண்செயலியில் வெளிப்பட்ட வகுத்தற் பிழை. வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பேர்க் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்த தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது விடைகளில் முரண்பாட்டைக் கண்டார். செயலியின் வகுத்தற் பகுதியில் இருந்த அட்டவணை ஒன்றின் சில இடங்கள் நிரப்பப்படாது விடப்பட்டிருந்தமையே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என வரவேண்டிய விடை, அச்செயலியில் 1.33374 என வந்தது. எழுந்தமானமாகத் தெரிந்த எண்களைக் கொண்டு வகுத்தால் ஏறத்தாழ 900 கோடித் தடவைக்கு ஒருமுறையே இப்பிழை நேரும் என இன்ரெல் கூறிற்று. எனினும் பொதுமக்களின் நம்பிக்கை குலைந்தது. 1994 டிசெம்பரிற் கேட்டவர்க்கெல்லாம் செயலியை மாற்றிக் கொடுக்க அக்கம்பனி உடன்பட்டது. இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 47.5 கோடி டொலர்.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை உணர்த்திற்று. சில்லாவதற்கு முன் சோதித்தல் வெறும் சடங்கன்று என்பது ஒன்று. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் கேட்கப்படாத வினாவிற்கு அது விடை கூறாது என்பது மற்றொன்று. அட்டவணையின் வெற்றிடங்களைத் தொடும் எண்கள் சோதனையிற் கொடுக்கப்பட்டிருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். எண்களைக் கொடுத்துப் பார்ப்பதோடு அமையாது, சுற்றின் சரியான தன்மையைக் கணித முறையால் நிறுவும் ஆய்வுகள் இதன்பின் தொழிற்றுறையில் ஊக்கம் பெற்றன.

கருவி பொதுவானமை

1995அளவில் இரு மொழிகளும் பொது நியமங்களாகிவிட்டன. நியமத்தை எவரும் வாங்கிப் படிக்கலாம். அதற்கமைய எவரும் எழுதலாம். ஆயின் எழுதியதை இயக்கிப் பார்ப்பதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் கம்பனிகளின் விற்பனைப் பொருள்களாகவே இருந்தன. தனிமனிதரோ சிறிய கல்லூரியோ எளிதில் ஏற்கமுடியாத விலை அவற்றுக்கு இருந்தது. பல்கலைக்கழகங்களுக்குச் சலுகை விலையில் வழங்கும் ஏற்பாடுகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய அனுமதிப்பத்திரம் குறித்த இயந்திரத்தோடும் குறித்த காலத்தோடும் கட்டுப்பட்டது. ஆய்வுகூடத்தின் கதவு மூடப்பட்டதும் மாணவரின் சோதனையும் நின்றுவிடும். மொழி பொதுவாகியும் அம்மொழியிற் பேசிப் பார்க்கும் உரிமை பொதுவாகவில்லை.

இந்நிலையை மாற்றுவதற்கான சூழல் வேறொரு துறையில் உருவாகிக்கொண்டிருந்தது. 1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் பயனாக 1987இற் சி மொழிக்கான கட்டற்ற தொகுப்பான் வெளிவந்தது. 1989இற் பொது அனுமதிப்பத்திரம் எழுதப்பட்டது. 1991இல் லினக்ஸ் தோன்றிற்று. தொகுப்பானை எவரும் பெறலாம், அதன் மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் எண்ணம் நடைமுறையாயிற்று. இவ்வெண்ணத்தை வன்பொருள் விவரண மொழிக்கு விரித்தவர்களுள் ஸ்ரீபன் வில்லியம்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1998அளவில் அவர் ஆக்கத் தொடங்கிய இக்காரஸ் வெரிலொக், கட்டளைவரியிலிருந்து இயக்கப்படும் தொகுப்பானும் போலச்செய்கருவியும் ஆகும்.

அதன் பயன்பாடு மிக எளிமையானது. சுற்றின் விவரணத்தையும், அதற்கு உள்ளீடுகளைக் கொடுத்து வெளியீடுகளை நோக்கும் சோதனைப் பகுதியையும் எந்த எழுத்துச் செயலியிலும் தட்டெழுதிக் கோப்புகளாகச் சேமிக்கலாம். பின்னர் கட்டளைவரியில் ஐவெரிலொக் என்னும் பெயரையும், விளைகோப்பிற்கு இடவேண்டிய பெயரையும், மூலக் கோப்புகளின் பெயர்களையும் எழுதினாற் போதும். தொகுப்பான் முதலில் முன்செயற்பாட்டுக் கட்டளைகளை விரிக்கின்றது. அடுத்து எழுத்தை இலக்கண முறைப்படி பகுக்கின்றது. பிழை இருப்பின் கோப்பின் பெயரையும் வரியின் இலக்கத்தையும் அறிவிக்கின்றது. அதன்பின், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த பகுதிகளை விரித்து, இணைப்புகளைப் பொருத்தி, அகலங்களை ஒப்புநோக்கி, முழுச் சுற்றையும் நினைவகத்தில் உருவாக்குகின்றது. இறுதியாக வீ.வீ.பி. என்னும் இயக்கிக்குரிய கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதி முடிக்கின்றது. அவ்வியக்கியின் பெயரையும் கோப்பின் பெயரையும் இரண்டாவது கட்டளையாகக் கொடுத்தவுடன் சுற்று இயங்கத் தொடங்குகின்றது. சைகைகளின் மாற்றங்களைத் தனிக்கோப்பிற் பதிவுசெய்யுமாறு சோதனைப் பகுதியில் எழுதியிருப்பின், ஜி.ரீ.கே.வேவ் என்னும் கட்டற்ற நிரலில் அவற்றை அலைவடிவங்களாகப் பார்க்கலாம்.

வீ.எச்.டி.எல். மொழிக்கு இதே பணியைச் செய்தது றிஸ்ரான் ஜிங்கோல்ட் ஆக்கிய ஜி.எச்.டி.எல். ஆகும். இது 2000களின் முற்பகுதியிலிருந்து வழக்கில் உள்ளது. பகுத்தாய்தல், ஒருங்கமைத்தல், இயக்குதல் என்னும் மூன்று படிகளுக்கும் தனித்தனிக் கட்டளைகள் அதில் உண்டு. எந்த மொழியின் சாயலில் வீ.எச்.டி.எல். உருவாயிற்றோ அந்த ஏடா மொழியிலேயே இத்தொகுப்பான் எழுதப்பட்டிருப்பது வரலாற்றுப் பொருத்தமுடையது. இன்னொரு கருவியான வெரிலேற்றர் 1994இல் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் கம்பனியினுட் பிறந்து, 2001இலிருந்து வில்சன் சினைடரின் பொறுப்பிற் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. அது விவரணத்தைச் சி++ மொழிக்கு மாற்றிவிடுவதால் மிக விரைவானது. ஆயின் அறியாநிலையைப் பெரும்பாலும் கைவிட்டே அவ்விரைவைப் பெறுகின்றது.

கட்டளைவரி பழமையானது, கவர்ச்சியற்றது என்போர் உளர். ஆயின் அதன் சிறப்பு அதன் எழுத்துத் தன்மையிலேயே தங்கியுள்ளது. சாளரங்களில் அழுத்திச் செய்யும் செயல்கள் பெரும்பாலும் சுவடின்றி மறைந்துவிடுகின்றன. எவ்வரிசையில் எதனை அழுத்தினோம் என்பதை மறுநாள் நினைவுகூர்தல் அரிது. கட்டளையோ எழுத்தாகும். அதனைக் கோப்பில் எழுதிவைக்கலாம், நூறு சோதனைகளை ஒன்றாகத் தொடுக்கலாம், வேறொரு நாட்டிலுள்ளவர்க்கு அனுப்பலாம். அவர் அதே பதிப்புக் கருவியையும் அதே கோப்புகளையும் கொண்டு அதே விடையைப் பெறலாம். ஒருவர் கூறியதைப் பிறிதொருவர் தம் கையாற் சரிபார்ப்பதற்கு இடமளிப்பதே ஆய்வுநெறியின் அடிப்படை. சாசனச் சான்றின்றி வரலாறு எழுதலாகாது என்பதை அறிந்தோர்க்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

எல்லைகள்

இக்கருவிகளை அளவிறந்து புகழ்தலும் பொருந்தாது. பெருஞ்சுற்றுகளை இயக்குவதில் இக்காரஸ் வெரிலொக் வணிகக் கருவிகளின் வேகத்தை எட்டவில்லை. 2005இல் 1800 என்னும் இலக்கத்தில் நியமமான சிஸ்ரம்வெரிலொக், பெருந்திட்டங்களைச் சோதிப்பதற்கான பல புதிய அம்சங்களைக் கொணர்ந்தது. அவற்றுட் பலவற்றை இக்காரஸ் ஏற்றுக்கொண்டதாயினும் அனைத்தையும் ஏற்கவில்லை. நியமம் விரியும்தோறும் அதனைப் பின்தொடர்வதற்குத் தன்னார்வலர் சிலரின் உழைப்புப் போதாதென்பது இதனாற் புலப்படும்.

மொழியின் உள்ளேயும் குறைகள் உண்டு. மேலே கூறிய அறியாநிலை எங்கும் நேர்மையாக வெளிப்படுவதில்லை. நிபந்தனை ஒன்றின் பெறுமானம் அறியாநிலையாயின் வெரிலொக் அதனைப் பொய்யெனக் கொண்டு மாற்றுவழியிற் சென்றுவிடும், பிழை மறைந்துவிடலாம். போலச்செய்கருவி ஏற்கும் யாவும் சுற்றாக மாற்றக்கூடியனவும் அல்ல. இத்தனை கணத்தின் பின் நிகழ்க என எழுதினால் கருவி அதனை நிறைவேற்றிக் காட்டும். ஆயின் அவ்வரியிலிருந்து படலை எதுவும் உருவாவதில்லை. திரையில் இயங்கிற்று என்பதால் மட்டும் சிலிக்கனிலும் இயங்கும் எனக் கொள்வது புதியோர் செய்யும் பெரும்பிழை.

முடிவுரை

சுற்று எழுத்தாகியமை ஒரு கட்டம். எழுத்துக்கு உரிய மொழிகள் பொது நியமமாகியமை அடுத்த கட்டம். அம்மொழிகளை இயக்கும் கருவி பொதுவாகியமை மூன்றாவது கட்டம். வெரிலொக்கைப் பொறுத்தவரை முதலிரு கட்டங்களும் 1984ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் 1995இற்கும் இடையில் நிகழ்ந்தன. மூன்றாவது கட்டம் தானாக வந்துவிடவில்லை. நியமம் எழுதியோர் அதனைத் தரவில்லை, கம்பனிகளும் தரவில்லை. தொகுப்பான் ஒன்றைத் தாமே எழுதிப் பிறர்க்கு வழங்கத் துணிந்த சிலரால் அது வந்தது. அதன் விளைவுகள் இன்று பரந்துள்ளன. 2010இற் பேர்க்லி வளாகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஐந்து என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைக் கொண்ட செயலிகளுட் பல, மாணவர் தம் சொந்தக் கணனியில் இயக்கிப் பார்க்கக்கூடிய விவரணங்களாகக் கிடைக்கின்றன. விவரணத்தைப் படலைகளாக மாற்றும் யோசிஸ் என்னும் கட்டற்ற கருவி 2010களில் உருவாயிற்று. 2020இல் ஸ்கைவோற்றர் என்னும் சில்லுத் தொழிற்சாலையின் 130 நனோமீற்றர் உற்பத்தி விவரங்கள் கூகிளின் ஒத்துழைப்போடு பொதுவில் வைக்கப்பட்டன. எழுத்திலிருந்து சில்லுவரை செல்லும் பாதை முழுவதையும் மூடிய கதவின்றி நடக்கக்கூடிய காலம் தொடங்கியுள்ளது.

வளங்குறைந்த பல்கலைக்கழகம் ஒன்றில், பழைய கணனி ஒன்றின்முன் அமர்ந்து, தான் எழுதிய எண்ணியின் வெளியீட்டில் நான்கு எக்ஸ் எழுத்துகளைக் கண்டு, ஏன் என வினவும் மாணவரும் இவ்வரலாற்றின் பயனாளரே. கருவி கையிலிருத்தல் அறிவாகாது என்பதைப் பென்ரியத்தின் கதை காட்டிற்று. ஆயின் கருவி கையில் இல்லாதவர்க்குத் தவறான வினாவைக் கேட்டுத் திருந்தும் வாய்ப்புக்கூட இல்லை. மொழியைப் பொதுவாக்குவோர் அதனை இயக்கிப் பார்க்கும் வழியையும் பொதுவாக்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.